பழைய டிரைவால் சுவரில் புது அவுட்லெட் பாக்ஸ்: அறுக்கும் முன் கேட்கிறேன்

மழைக்காலன் (சனி இரவு)

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் எங்கள் வீடு 1988இல் கட்டியது, போன வருஷம்தான் வாங்கினோம். தரைத்தளத்து பெட்ரூமில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் தங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் மெஷின் ஒன்று இரவு முழுக்க ஓட வேண்டும். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருப்பது ஒரே அவுட்லெட், அதுவும் மூலையில் அலமாரிக்குப் பின்னால். அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையோடு இழுத்து விட்டிருந்தேன். போன செவ்வாய் அதிகாலை பாத்ரூம் போக எழுந்த அப்பா அதில் கால் தடுக்கி விழுந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான், ஆனால் அன்றிலிருந்து அந்த வயரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஓர் அவுட்லெட் வைக்கப் போகிறேன். அந்தச் சுவரின் மறுபுறம் ஹால், அங்கே ஏறக்குறைய அதே இடத்தில் ஓர் அவுட்லெட் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால் இரண்டடி வயர்கூடத் தேவைப்படாது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கடையில் நீல நிற பிளாஸ்டிக் பாக்ஸ் ஒன்று வாங்கி வந்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கவாட்டில் இரண்டு ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, மூடிய சுவருக்குள் அதை எப்படி அடிப்பது என்று புரியவில்லை. ஊரில் என்றால் செங்கல் சுவரில் காடி எடுத்து, பைப் புதைத்து, பூசி மூடிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மரச் சட்டத்தின்மேல் ஜிப்சம் அட்டை அடித்த இந்த டிரைவால் எனக்குப் புதிது. எதை முதலில் பார்க்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிக்காரர் (சனி இரவு)

தம்பி, அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பது நிம்மதி. நான் இங்கே பதினான்கு வருஷமாக எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நீங்கள் வாங்கியது புது வீடு கட்டும்போது, டிரைவால் ஒட்டுவதற்கு முன்னால், திறந்திருக்கும் ஸ்டட்டில், அதாவது சுவருக்குள் நிற்கும் மரச் சட்டத்தில், ஆணி அடித்து மாட்டும் பாக்ஸ். மூடிய சுவருக்கு வேண்டியது ஓல்டு ஒர்க் பாக்ஸ், சில கடைகளில் ரீமாடல் பாக்ஸ் என்று இருக்கும். அதில் ஆணி இருக்காது. முகப்பில் நான்கு மூலையிலும் சின்ன உதடு இருக்கும், அது டிரைவாலின் வெளிப்பக்கம் உட்காரும். உள்ளே மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் காதுகள் மடங்கியிருக்கும். பாக்ஸை ஓட்டைக்குள் தள்ளிவிட்டு முன்பக்கத்துத் திருகைத் திருப்பினால் காது முதலில் நிமிரும், அப்புறம் முன்னோக்கி நகர்ந்து டிரைவாலைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ளும். பாக்ஸ் நிற்பது ஸ்டட்டின் பலத்தில் அல்ல, அரை அங்குல அட்டையின் பலத்தில். அதனால்தான் ஓட்டை அளவாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் படித்துப் படித்துச் சொல்கிறோம்.

ஆனால் புதுப் பாக்ஸ் வைப்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. எந்தப் பழைய பாக்ஸிலிருந்து கரன்ட் எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் பெரியது. ஹால் அவுட்லெட்டைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்: பிரேக்கர் எத்தனை ஆம்ப், உள்ளே எத்தனை கேபிள் வருகிறது, பாக்ஸின் உட்புறம் எத்தனை கன அங்குலம் என்று அச்சிட்டிருக்கிறது. திறக்கும் முன் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் வேறோர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், அப்புறம் இங்கே வையுங்கள், மறுபடியும் அங்கே வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவுட்லெட்டின் மேல் துளை, கீழ் துளை இரண்டையும் சோதியுங்கள், சில வீடுகளில் ஒன்று மட்டும் சுவிட்சோடு இணைந்திருக்கும்.

ஓசூர்2ஆஸ்டின் (ஞாயிறு காலை)

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. இரண்டு வருஷம் முன்னால் ஆபீஸ் அறையில் இதே வேலை செய்தேன். சுவிட்சுக்கு நேர் கீழே இடம் வசதியாக இருந்தது, பென்சிலால் கோடு போட்டேன், டிரைவால் ரம்பத்தைப் பிடிவரை உள்ளே இறக்கி அறுத்தேன். பாதியில் ரம்பம் ஏதோ மெத்தென்ற ஒன்றில் உரசியது. நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், சுவிட்சிலிருந்து கீழே இறங்கும் கேபிளின் மேலுறை ஒரு அங்குல நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே கறுப்பு வயரின் தோலிலும் பல் பதிந்திருந்தது. அந்த அறையின் பிரேக்கரை அணைத்திருந்தேன், அதனால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு கீறலுக்காகக் கேபிளை வெட்டி, அங்கேயே பாக்ஸ் வைத்து, உள்ளே இணைத்து, மேலே வெறும் பிளேட் போட வேண்டியதாயிற்று. இணைப்பு எதுவானாலும் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும், பாக்ஸ் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், டேப் சுற்றிச் சுவருக்குள் தள்ளிவிட முடியாது. சுவிட்சுக்கும் அவுட்லெட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் கேபிள் போகும் வாய்ப்பு அதிகம், அந்தப் பட்டையைத் தவிருங்கள். ரம்பத்தை அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள்.

இப்போது நான் செய்வது: குறித்த இடத்தின் நடுவில் பென்சில் தடிமனுக்கு ஒரு துளை. துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வெட்டி நுனியை நான்கு அங்குலத்துக்கு வளைத்து உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவேன். தடையில்லாமல் சுற்றினால் ஸ்டட் இல்லை, குழாய் இல்லை. எங்காவது முட்டினால் அந்தச் சின்னத் துளையை அடைப்பது ஐந்து நிமிஷ வேலை. ஸ்டட் ஃபைண்டரை மட்டும் நம்ப வேண்டாம். டிரைவால் திருகுகள் ஸ்டட்டில்தான் இறங்கியிருக்கும், அதனால் ஒரு நல்ல காந்தத்தை எடுத்துச் சுவரில் மெல்ல நகர்த்தினால் திருகுத் தலையில் ஒட்டும், ஸ்டட் எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குல இடைவெளி.

மழைக்காலன் (ஞாயிறு மாலை)

அண்ணா, ஹால் அவுட்லெட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக்கர் 20 ஆம்ப். பாக்ஸ் 18 கன அங்குலம் என்று உள்ளே இருக்கிறது. இரண்டு கேபிள்கள் வருகின்றன. ஆனால் ஒன்று பயமாக இருக்கிறது, கேபிளின் மேலுறை வெள்ளை. வெள்ளை என்றால் 14 கேஜ் (வயரின் தடிமனைச் சொல்லும் எண்), 15 ஆம்புக்குத்தான், 20க்கு மஞ்சள் இருக்க வேண்டும் என்று படித்தேன். அப்படியானால் என் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தப்பாக ஓடிக்கொண்டிருக்கிறதா?

கம்பிக்காரர் (ஞாயிறு மாலை)

பயப்படாதீர்கள். வெள்ளை 14, மஞ்சள் 12, ஆரஞ்சு 10 என்ற வழக்கம் 2001 வாக்கில்தான் பரவலாக வந்தது. அதற்கு முன்னால் 12 கேஜும் வெள்ளை உறையிலேயே வந்தது. உங்கள் வீடு 1988. உறையின்மேல் எழுத்து இருக்கும், பாக்ஸுக்குள் தெரியும் கொஞ்சத்தில் வாசிக்க முடியாது, பேஸ்மென்ட் உத்தரத்தில் அதே கேபிள் ஓடும் இடத்தைத் தேடி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். 12/2, அதாவது 12 கேஜில் இரண்டு வயர், என்று இருந்தால் 20 ஆம்ப் சரி. 14/2 என்று இருந்தால் அதுவே தனி வேலை, முதலில் பிரேக்கரை 15 ஆக மாற்ற வேண்டும். எதுவானாலும் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

12 கேஜ் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு. 12 கேஜ் வயர் ஒவ்வொன்றுக்கும் பாக்ஸில் 2.25 கன அங்குலம் இடம் வேண்டும், 14 கேஜ் என்றால் 2. உள்ளே வரும் கறுப்பும் வெள்ளையும் ஒவ்வொன்றும் தனித்தனி. எர்த் வயர்கள் நான்கு வரை சேர்த்து ஒன்றாகக் கணக்கு. அவுட்லெட்டுக்கு இரண்டு. ஹால் பாக்ஸில் ஏற்கெனவே இரண்டு கேபிள், நீங்கள் மூன்றாவதைக் கொண்டு வந்தால் ஆறு வயர், எர்த் ஒன்று, அவுட்லெட்டுக்கு இரண்டு, ஆக ஒன்பது. ஒன்பதை 2.25ஆல் பெருக்கினால் 20.25. பாக்ஸ் 18. இடம் இல்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 20 கன அங்குல ஓல்டு ஒர்க் பாக்ஸாக மாற்றினாலும் கால் கன அங்குலம் குறைகிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 12 கேஜ் வயர் விறைப்பானது, இடமில்லாத பாக்ஸில் அவுட்லெட்டைக் கட்டைவிரலால் அமுக்கித் திணிக்கும்போது பின்னால் ஒரு திருகு லேசாகத் தளர்ந்துவிடும், அது வெளியே தெரியாது. சில மாதம் கழித்து ஹீட்டரோ வேக்யூமோ ஓடும்போது அந்த இடம் சூடாகும். பழுப்பேறி உருகிய அவுட்லெட்டுகளை நிறையக் கழற்றியிருக்கிறேன், பல இடங்களில் காரணம் இப்படித் தளர்ந்த இணைப்புத்தான்.

அதனால் ஹாலை விடுங்கள். அந்த அறை மூலையில் அலமாரிக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்றீர்களே, அதைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு கேபிள் மட்டும் வந்தால் அதுதான் அந்த லைனின் கடைசி. அங்கே இன்னொன்று சேர்த்தாலும் ஏழு தரம் 2.25, 15.75தான் வரும். உங்கள் வீட்டில் பேஸ்மென்ட் மூடாமல் இருக்கிறதா?

வெள்ளைத்தாள் (ஞாயிறு இரவு)

எனக்கு இது அநியாயத்துக்குப் பெரிதாகப் போகிறது என்று தோன்றுகிறது. தடிமனான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி, சுவரடியில் இருக்கும் பேஸ்போர்டு பலகை ஓரமாக கிளிப் அடித்து ஒட்டிவிட்டால் யார் காலிலும் தடுக்காது. ஒரு மூச்சு மெஷினுக்கு என்ன கரன்ட் வேண்டும்? அதற்குப் போய் சுவரை அறுத்து, பர்மிட் போட்டு... என் வீட்டில் மூன்று இடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கம்பிக்காரர் (ஞாயிறு இரவு)

நண்பரே, உங்கள் கேள்வி நியாயமானது. அந்த மெஷினுக்குக் கொஞ்சம் கரன்ட்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வயரில் அது மட்டும்தான் மாட்டப்படும் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஜனவரியில் அம்மாவுக்குக் குளிரும், யாராவது 1500 வாட் ஹீட்டரைக் கொண்டுவந்து அதே வயரின் நுனியில் மாட்டுவார்கள், 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்ப், இரவு முழுக்க. சுவரில் கிளிப் அடித்த எக்ஸ்டென்ஷன் வயரை நிரந்தர வயரிங்குக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்று என்இசி எனும் மின் விதித் தொகுப்பே சொல்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும் அந்த மூன்றையும் அரை மணி நேரம் ஏதாவது ஓடவிட்டு, பிளக் முனையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள், இதை அக்கறையோடு சொல்கிறேன்.

திண்ணை (திங்கள் காலை)

நான் அட்லாண்டாவில் டவுன்ஹோமில் இருக்கிறேன். இந்த இழையைப் படிக்கும் டவுன்ஹோம், காண்டோ ஆட்களுக்காக ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவர் இருக்கிறதே, அது தீத்தடுப்புச் சுவர். அதே மாதிரி கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரும் சாதாரணச் சுவர் இல்லை. அதில் சாதாரண ஓல்டு ஒர்க் பாக்ஸுக்கு ஓட்டை போட்டால் அந்தச் சுவர் எத்தனை நேரம் தீயைத் தாங்கும் என்ற கணக்கே மாறிவிடும். அங்கே அதற்கென்று சோதித்த பாக்ஸ், பின்னால் ஒட்டும் தீத்தடுப்பு மாவு அட்டை, சுவரின் இரண்டு பக்கமும் எதிரெதிரே பாக்ஸ் வந்தால் நடுவில் 24 அங்குல இடைவெளி என்று வேறு விதிகள். எங்கள் தெருவில் ஒருவர் டிவிக்காகப் பொதுச் சுவரை அறுத்து, கடைசியில் அசோசியேஷன் சொல்லித் தன் செலவில் சுவரைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார்.

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. டிவியின் பவர் வயரை அப்படியே சுவருக்குள் இறக்கி விடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த ரப்பர் வயர் சுவருக்குள் இருக்கத் தகுந்தது இல்லை. டிவிக்குப் பின்னால் உள்வாங்கிய அவுட்லெட் பாக்ஸ் வைத்து முறையான கேபிள் இழுங்கள், எச்டிஎம்ஐக்கும் நெட்வொர்க் வயருக்கும் பின்பக்கம் திறந்த தனிச் சட்டம் கிடைக்கிறது, அதைத் தள்ளி வையுங்கள். 120 வோல்ட்டும் சிக்னல் வயரும் ஒரே பாக்ஸில் கூடாது.

ஸ்காபரோ மாமா (திங்கள் மதியம்)

ரொறன்ரோ பக்கம் இருந்து எழுதுகிறேன். தம்பிமார், நீங்கள் கதைக்கிறது எல்லாம் அமெரிக்க விதி. இங்கே ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டு வேலையைத் தானே செய்யலாம், ஆனால் இஎஸ்ஏ எனும் மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒரு பிளக் பொயின்ற் என்றாலும் அப்படித்தான். சொந்தக்காரப் பெடியனைக் கூட்டிவந்து காசு கொடுத்துச் செய்விக்கிறது என்றால் அவரிடம் ஒப்பந்தகாரருக்கான உரிமம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வெளிச்சுவர். எங்கள் குளிருக்கு வெளிச்சுவரில் டிரைவாலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் தாள் போட்டிருக்கும், வீட்டு ஈரக்காற்று சுவருக்குள் போகாமல் தடுக்க. அதை அறுத்து வெறும் பாக்ஸ் வைத்தால் மாசியில் அந்த பிளக்குக்குள்ளால் குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும், குளிர் தடுக்கச் சுவருக்குள் வைத்த பஞ்சில் ஈரம் பிடிக்கும். முன்விளிம்பில் ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பாக்ஸ் இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். இயன்றவரை உள்சுவரிலேயே வையுங்கள்.

எங்கள் வீடு 1971இல் கட்டினது. முதல் தரம் ஒரு அவுட்லெட்டைத் திறந்தபோது வயர் செப்பு நிறத்தில் இல்லை, மங்கின வெள்ளியாக இருந்தது. அலுமினியம். அந்தக் காலத்து வீடுகளில் கனக்க இருக்கிறது. அதோடு செப்பு வயரைச் வயர் முனைகளை இணைக்கும் சாதாரண பிளாஸ்ரிக் தொப்பி போட்டு முறுக்கினால் இணைப்பு தளர்ந்து சூடேறும், அதற்கென்று அனுமதித்த இணைப்பிகள் வேறு. நான் அந்த இடத்திலேயே மூடிவிட்டு உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டேன். திறந்ததும் வெள்ளி நிறம் கண்டால் நீங்களும் கை வைக்காதீர்கள்.

மழைக்காலன் (செவ்வாய் இரவு)

எல்லோருக்கும் நன்றி. பேஸ்மென்டில் கேபிள் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், 12/2தான், எர்த்தோடு. அப்படியே மனசு லேசாகிவிட்டது. அலமாரிக்குப் பின்னால் இருப்பதில் ஒரே கேபிள்தான் வருகிறது, செப்பு. பேஸ்மென்ட் திறந்தே இருக்கிறது, உத்தரத்தை மூடிச் சீலிங் போடவில்லை. டவுன்ஷிப் ஆபீஸிலும் கேட்டேன், சொந்தமாகக் குடியிருக்கும் தனி வீடு என்றால் நாமே செய்யலாம், பர்மிட் வாங்கி இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

வழி: அலமாரி அவுட்லெட்டிலிருந்து சுவருக்குள்ளேயே பேஸ்மென்டுக்கு இறக்கி, உத்தரத்தோடு கொண்டுபோய், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவருக்குள் மறுபடி ஏற்றுவது. இடையில் ஸ்டட்டுகளைத் துளைக்க வேண்டியதில்லை. சரியாக யோசிக்கிறேனா?

கம்பிக்காரர் (செவ்வாய் இரவு)

மிகச் சரி. கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

அலமாரிப் பக்கத்துப் பழைய ஆணிப் பாக்ஸில் கேபிளைப் பிடிக்கும் கவ்வி இருக்காது. பாக்ஸிலிருந்து எட்டு அங்குலத்துக்குள் கேபிளை ஸ்டட்டில் ஸ்டேபிள் அடித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் செய்தது அது. நீங்கள் மூடிய சுவருக்குள் இறக்கும் புதுக் கேபிளுக்கு ஸ்டேபிள் அடிக்க முடியாது. சுவருக்குள் அதைப் பிடிக்காமல் விடலாம், விதி அனுமதிக்கிறது, ஆனால் பாக்ஸில் நுழையும் இடத்தில் கவ்வி வேண்டும். அதனால் அந்தப் பழைய பாக்ஸையும் எடுத்துவிட்டு ஓல்டு ஒர்க் பாக்ஸ் வையுங்கள், அதில் கவ்வி உண்டு. பாக்ஸுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடை விட்டு இரண்டு ஆணிகளையும் அறுத்தால் பாக்ஸ் கையோடு வந்துவிடும். பழைய கேபிளில் பிளேடு படாமல் ஒரு மரத்துண்டை இடையில் செருகிக்கொள்ளுங்கள். ஆக 20 கன அங்குலத்தில் இரண்டு பாக்ஸ் வாங்குங்கள்.

பேஸ்மென்டிலிருந்து மேலே துளைக்கும்போது சுவரின் அடிக்கட்டையின் நடுவில் வர வேண்டும். அந்தக் கட்டை 3.5 அங்குல அகலம், நடுவில் முக்கால் அங்குலத் துளை போட்டால் இரண்டு பக்கமும் 1 3/8 அங்குலம் மிஞ்சும், வேண்டியது 1 1/4. நடுவை விட்டு விலகினால் பேஸ்போர்டுக்கு அடிக்கும் ஆணி ஒருநாள் கேபிளில் இறங்கும். கீழே நின்றுகொண்டு மேலே சுவர் எங்கே என்று குத்துமதிப்பாகத் துளைக்காதீர்கள். மேலேயும் கீழேயும் தெரியும் ஒரு குழாயையோ வெளிச்சுவரையோ வைத்து அளந்துகொள்ளுங்கள், இரண்டு முறை. வேலை முடிந்ததும் அந்தத் துளைகளைத் தீத்தடுப்பு சீலன்டால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் பேஸ்மென்டில் தீப்பிடித்தால் சுவர் புகைபோக்கி ஆகிவிடும்.

பாக்ஸ் ஓட்டைக்கு, பாக்ஸைத் திருப்பி முகத்தைச் சுவரில் வைத்துக் கோடு போடுங்கள், ஆனால் உதடுகளைச் சேர்க்காதீர்கள், உடம்பை மட்டும். கோட்டுக்கு உள்ளே அறுங்கள், பிறகு கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பெரிதாக்குங்கள். பாக்ஸைச் சுற்றி 1/8 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் பூசித்தான் அடைக்க வேண்டும். கேபிளின் மேலுறை கவ்வியைத் தாண்டிக் கால் அங்குலமாவது பாக்ஸுக்குள் தெரிய வேண்டும், வயர்கள் ஆறு அங்குலம் வேண்டும், பாக்ஸ் வாயிலிருந்து மூன்று அங்குலமாவது வெளியே வர வேண்டும். பின்னால் குத்திச் செருகும் துளைகளை விட்டுவிடுங்கள், அவை 14 கேஜுக்குத்தான், அதற்கும் எனக்குப் பிடிக்காது. பக்கத்துத் திருகில் வலஞ்சுழியாகக் கொக்கி போட்டு இறுக்குங்கள், கறுப்பு பித்தளைத் திருகுக்கு, வெள்ளை வெள்ளித் திருகுக்கு, எர்த் பச்சைக்கு.

பெட்ரூம் என்பதால் லைனை நீட்டி அவுட்லெட் சேர்த்தால் ஏஎஃப்சிஐ பாதுகாப்பு, அதாவது வயரில் தீப்பொறி பறந்தால் கரன்டைத் துண்டிப்பது, கேட்பார்கள், பர்மிட் ஆபீஸிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக்கரை ஏஎஃப்சிஐ பிரேக்கராக மாற்றுவதுதான் வழி என்றால், பிரேக்கர்கள் இருக்கும் பேனலைத் திறந்து அதை மட்டும் ஒரு எலெக்ட்ரீஷியனை விட்டுச் செய்யுங்கள். மெயினை அணைத்தாலும் பேனலுக்குள் வரும் பெரிய வயர்களில் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும்.

மழைக்காலன் (அடுத்த ஞாயிறு இரவு)

முடித்துவிட்டேன். எழுதாமல் தூங்க முடியாது.

காலை எட்டு மணிக்குப் பிரேக்கரை அணைத்து அதன்மேல் டேப் ஒட்டி, ‘தொடாதே’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன். ஹேங்கர் வைத்தியம் நன்றாக வேலை செய்தது, முதல் துளையில் இடது பக்கம் இரண்டு அங்குலத்திலேயே முட்டியது, ஸ்டட். நான்கு அங்குலம் வலப்பக்கம் தள்ளி இரண்டாவது துளை, கம்பி முழுச் சுற்றுச் சுற்றியது. மற்ற அவுட்லெட்டின் உயரத்தை அளந்து அதே உயரத்தில் கோடு. ரம்பத்தின் நுனியிலிருந்து அரை அங்குலத்தில் நீல டேப் சுற்றிக்கொண்டேன், அதற்கு மேல் உள்ளே போகவில்லை. மூலைகள்தான் கஷ்டம். ரம்பத்தை இழுக்கும்போது முகத்துக் காகிதம் நார் நாராக உரிந்தது, அதனால் முதலில் கத்தியால் கோட்டின்மேல் கீறிவிட்டு அப்புறம் அறுத்தேன், மீதி மூன்று பக்கமும் சுத்தமாக வந்தன. துண்டு கையில் வந்ததும் உள்ளே பார்த்தேன், முப்பத்துச் சொச்ச வருஷத்துத் தூசும் யாரோ கட்டும்போது போட்டுவிட்டுப் போன ஒரு டிரைவால் திருகும் அடிக்கட்டையின்மேல் கிடந்தன.

அப்பா பேஸ்மென்டில் டார்ச்சோடு நின்றார், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. நான் மேலே ஓட்டை வழியாக ஃபிஷ் டேப்பை (சுவருக்குள் கேபிள் இழுக்கும் நீளக் கம்பி) இறக்க, அவர் கீழே துளையைப் பார்த்துக்கொண்டு ‘இன்னும் இல்ல, இன்னும் இல்ல... வந்துருச்சு, பிடிச்சுட்டேன்’ என்று கத்தினார். கேபிளை அதில் கட்டி மேலே இழுத்தோம். உத்தரத்தில் ஸ்டேபிள் அடித்தது நான், ஒவ்வொன்றுக்கும் நான்கரை அடிக்குள் இருக்க வேண்டும் என்று படித்ததால் அப்பா டேப் பிடித்து அளந்து சொன்னார்.

ஒரு தப்பு நடந்தது. அலமாரிப் பக்கத்துப் பாக்ஸின் காதுத் திருகை டிரில்லால் ஓட்டினேன், ஒரு நொடி கூடுதலாக அழுத்திவிட்டேன், காது டிரைவாலின் பின்பக்கத்தை நொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது, பாக்ஸ் மேல்பக்கம் ஆடியது. அதைக் கழற்றி, பக்கவாட்டிலிருந்து ஸ்டட்டிலேயே நேராகத் திருகும் வகைப் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்து வைத்தேன், பழைய பாக்ஸ் ஸ்டட்டை ஒட்டி இருந்ததால் அது கச்சிதமாகப் பொருந்தியது. கட்டில் பக்கத்தில் கையால், சின்ன ஸ்க்ரூடிரைவரால் மட்டும்.

ஓசூர்2ஆஸ்டின் (அடுத்த ஞாயிறு இரவு)

அருமை! அந்தப் பக்கத்துத் திருகுப் பாக்ஸ் கவ்வியோடு உள்ளதுதானே? அவுட்லெட் குழந்தைகள் எதையும் குத்த முடியாத ஷட்டர் வகையா?

மழைக்காலன் (வியாழன் மாலை)

கவ்வி உண்டு. ஷட்டர் வகைதான், இப்போது வீடுகளுக்கு அதுதான் விதி என்று கடையிலேயே சொன்னார்கள்.

இன்று இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு அவுட்லெட்டையும் வெளியே இழுக்கச் சொன்னார், பாக்ஸுக்குள் உறை எவ்வளவு வந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார், பேஸ்மென்டில் துளைகளை அடைத்திருப்பதைப் பார்த்தார், புது ஏஎஃப்சிஐ பிரேக்கரின் பட்டனை அமுக்கிச் சோதித்தார். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிரேக்கரை எலெக்ட்ரீஷியன்தான் மாற்றினார், பேனலுக்குள் நான் கை விடவில்லை.

அம்மாவின் மெஷின் இப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வயரை அப்பாவே சுருட்டி கராஜில் வைத்துவிட்டார். அந்த நீல ஆணிப் பாக்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று.